கோடும் குறியும்: கல்வெட்டு, பானைக்கீறல் கோட்டுருவங்களின் கோப்பு மாற்றம் குறித்து

தொல்லியல், கல்வெட்டியல் ஆய்வேடுகளின் பின்னிணைப்பில் இடம்பெறும் கோட்டுருவங்கள் நெடுங்காலமாகக் கணினியிலேயே வரையப்பெற்று வருகின்றன. மைப்படியையோ ஒளிப்படத்தையோ திரையில் அடியிட்டு, அதன்மேல் எழுத்தின் போக்கைக் கோடு கோடாகப் பின்தொடர்ந்து வரைவது வழக்கமான முறை. இவ்வாறு வரையப்பட்டவை கோரல்டிரா மென்பொருளின் சிடிஆர் கோப்புகளாகவும், அச்சகத்திற்கென ஆக்கப்பட்ட இபிஎஸ், பிடிஎஃப் கோப்புகளாகவும் பழைய கணினிகளிலும் குறுவட்டுகளிலும் தங்கியுள்ளன. அவற்றை இணையத்தில் ஏற்றவும் தரவுத்தளங்களில் சேர்க்கவும் வேண்டி வேறு கோப்பு வகைக்கு மாற்றும்போது, அம்மாற்றம் ஓர் எழுத்தர் பணியாகவே கருதப்படுகிறது. கோப்பைத் திறந்து, வேறொரு வகையில் சேமித்து, மூடிவிட்டால் பணி முடிந்தது என்பது பரவலான எண்ணம். அவ்வெண்ணம் ஏற்கத்தக்கதன்று. கோட்டுருவக் கோப்பை மாற்றுவது ஏடு பெயர்த்தெழுதுவதை ஒத்த பதிப்புச் செயலாகும். பெயர்த்தெழுதுவோர் கையில் பாடம் திரிவது போன்றே மாற்றும் மென்பொருளின் கையில் வரைவும் திரிகிறது. ஏட்டுப் பிழையை மற்றோர் ஏட்டோடு ஒப்பிட்டுக் கண்டறியலாம். கோப்பில் நேரும் திரிபு கண்ணுக்குப் புலப்படாமையால் ஒப்பிடும் எண்ணமே எழுவதில்லை.

ஒளிப்படக் கோப்பு பிக்சல்களால் ஆன ஒரு கட்டம். வெக்டர் எனப்படும் திசையன் கோப்போ வரைதற்குரிய கட்டளைகளின் தொகுப்பு: இவ்விடத்தில் தொடங்குக, இவ்வளவு வளைந்து செல்க, இவ்விடத்தில் முடிக்க, இத்தனை தடிப்பில் மை இடுக என்பனவே அதன் உள்ளடக்கம். இக்கட்டளைகளை எழுதும் மொழி கோப்பு வகைதோறும் வேறுபடும். 1984 இல் அடோபி நிறுவனம் உருவாக்கிய போஸ்ட்ஸ்கிரிப்ட் அச்சுப்பொறிக்கு ஆணையிடும் மொழி. இபிஎஸ் அதன் வழிவந்தது. 1989 இல் கனடா நாட்டுக் கோரல் நிறுவனம் வெளியிட்ட கோரல்டிராவின் சிடிஆர் வகை வரைவோர் வசதிக்காக அமைந்தது. அதன் உள்ளமைப்பு பொதுத்தரமாக வெளியிடப்படவில்லை. இன்று இங்க்ஸ்கேப், லிப்ரே ஆபிஸ் ஆகிய கட்டற்ற மென்பொருள்கள் சிடிஆர் கோப்பைத் திறப்பது, ஆர்வலர்கள் அக்கோப்புகளைப் பிரித்தாய்ந்து எழுதிய லிப்சிடிஆர் என்னும் நிரல்தொகுதியின் துணையால்தான். 1993 இல் வந்த பிடிஎஃப், எக்கணினியிலும் பக்கம் மாறாது தோன்ற வேண்டும் என்னும் நோக்கினது. 2001 இல் உலகளாவிய வலைச் சேர்த்தியம் பரிந்துரைத்த எஸ்விஜி இணைய உலாவிக்கென எழுந்தது. எந்த உரைத்திருத்தியிலும் திறந்து படிக்கத்தக்க எளிய உரைக்கோப்பு அது. நோக்கங்கள் வேறாதலின், ஒன்றில் சொல்ல இயல்வதை மற்றொன்றில் சொல்ல இயலாமற் போகிறது. சொல்ல இயலாததை மாற்றும் மென்பொருள் தனக்குத் தோன்றியவாறு நிரப்புகிறது அல்லது விட்டுவிடுகிறது.

கோடு புறவரையாதல்

கீறலொன்றைத் திசையன் கோப்பில் இருவகையில் குறிக்கலாம். கருவி சென்ற வழியை ஒரு நடுக்கோடாக வரைந்து அதற்குத் தடிப்பைச் சேர்ப்பது ஒன்று. அக்கீறலின் இரு விளிம்புகளையும் சுற்றி வரைந்து உள்ளே கருமை நிரப்புவது மற்றொன்று. தாளிலும் திரையிலும் இரண்டும் ஒன்றே போல் தோன்றும். ஆய்வுக்கு இரண்டும் ஒன்றல்ல. நடுக்கோட்டு வரைவில் கோடுகளின் எண்ணிக்கை, ஒவ்வொன்றின் நீளம், சாய்வு, ஒன்றையொன்று வெட்டும் இடம் ஆகியவை கோப்பிலேயே எண்களாக உள்ளன. புறவரையில் எஞ்சுவது ஒரு நிழலுருவே. இரு கோடுகள் குறுக்கிட்டனவா, ஒன்று மற்றொன்றைத் தொட்டு நின்றதா என்பதை அந்நிழலுருவைக் கொண்டு கணினி அறிய இயலாது.

பல மாற்றங்களில் முதலில் பலியாவது இந்த நடுக்கோடுதான். அச்சகத்தில் தடிப்பு மாறிவிடும் என்னும் அச்சத்தால் கோடுகளையெல்லாம் புறவரையாக்கி அனுப்பும் பழக்கம் வேரூன்றியுள்ளது. அச்சுப் பணிக்கு அது தக்க எச்சரிக்கையே. அவ்வாறு ஆக்கப்பட்ட அச்சுப்படியே பின்னர் ஆவணமாகவும் எஞ்சும்போதுதான் இடர் தோன்றுகிறது. பானைக்கீறல் ஆய்வில் இதன் விளைவு பெரிது. தமிழ்நாட்டுப் பானைக்கீறல்களைச் சிந்துவெளிக் குறிகளோடு வடிவ அடிப்படையில் ஒப்பிட்டுத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2025 இல் நூலொன்றை வெளியிட்டது. அவ்வகை ஒப்பீட்டில் அடிப்படைக்குறி எது, அதன் வேறுபாடு எது, கூட்டுக்குறி எது என வகுப்பதே தலையாய வேலை. அவ்வகுப்பை ஏற்பவரும் மறுப்பவரும் கோடுகளை எண்ணியும் அளந்துமே வாதிட வேண்டும். அவர்கள் கையில் நிழலுருவங்கள் மட்டும் இருக்குமாயின், ஒவ்வொருவரும் மீண்டும் முதலிலிருந்து வரைய வேண்டும். அவ்வாறு வரைகையில் தத்தம் முடிபுக்கு ஏற்றவாறு கை சாய்வதையும் தவிர்க்க இயலாது.

கோப்பு மாற்றத்தில் நேரும் இழப்பு யாவும் கருதத்தக்கது என்பதன்று. பிடிஎஃப் வகையில் வட்டம் என்றொரு கட்டளையே இல்லை. வட்டமெல்லாம் மூன்றாம்படி வளைகோட்டுத் துண்டுகளாகவே எழுதப்படுகின்றன. நான்கு துண்டுகளால் அமைத்த வட்டம் உண்மை வட்டத்தினின்றும் விலகும் அளவு ஆரத்தில் ஏறத்தாழ 0.03 விழுக்காடு. உளியால் பொறித்த பிராமி வகரத்தின் வட்டம் இதைவிடப் பன்மடங்கு கோணலானது. இதற்காகக் கவலை கொள்வார் கல்லின் முன் ஒரு நாள் அமர்ந்து வரைந்து பார்த்தல் நலம்.

புள்ளியும் கல்லின் குழிவும்

தமிழ்-பிராமிக் கல்வெட்டு ஆய்வில் ஒரு புள்ளியின் மதிப்பு மிகப் பெரிது. ஐராவதம் மகாதேவன் 2003 இல் வெளியிட்ட தம் பெருநூலில், எழுத்து முறையின் வளர்ச்சியை மூன்று நிலைகளாகப் பகுத்து, மெய்யையும் குறில் எகர ஒகரங்களையும் புள்ளியிட்டுக் காட்டும் முறையை மூன்றாம் நிலைக்கு உரியதாக்கினார். ஆதலின் பாறையில் காணும் சிறு பள்ளம் புள்ளியா, கல்லின் இயற்கைக் குழிவா என்னும் வினா, சொல்லின் வாசிப்பை மட்டுமன்றிக் கல்வெட்டு எந்நிலைக்கு உரியது என்னும் முடிவையும் தொடுவது.

கவனமுள்ள வரைவாளர் இவ்வினாவுக்கான விடையை அடுக்குகளில் பதிந்து வைப்பார். ஐயமற்ற எழுத்துகள் ஓரடுக்கு. ஐயத்திற்குரிய கோடுகள் மற்றோரடுக்கு. பாறையின் விரிசலும் குழிவும் மூன்றாவது. சிதைந்த பரப்பின்மேல் ஒளி ஊடுருவும் மெல்லிய சாயலொன்றையும் இடுவார். இக்கோப்பை இபிஎஸ் வகைக்கு மாற்றினால் அடுக்குகளின் பாகுபாடு மறைகிறது. ஊடுருவும் சாயலுக்கும் அதில் இடமில்லை. மென்பொருள் அச்சாயலைச் சமப்படுத்தும்போது, சிதைவின் எல்லை எழுத்தைக் கடக்கும் இடத்தில் எழுத்தே இரு துண்டாக வெட்டப்படலாம், அல்லது அப்பகுதி முழுதும் பிக்சல் படமாகலாம். விரிசலுக்கும் எழுத்துக்கும் வண்ண வேறுபாடு மட்டுமே இருந்து, அச்சுச் செலவு கருதிக் கருப்பு வெள்ளையாக்கினால், இரண்டும் ஒரே கருங்கோடாகிவிடும். வரைந்தவர் ‘இது விரிசல்’ என்று சொன்னதை மாற்றியவர் அறியாமலே ‘இது எழுத்து’ என்று ஆக்கிவிடுகிறார்.

மூலக்கோப்பு கிட்டாத நிலையில் அச்சுப்பக்கத்தை வருடி, தானியங்கித் தடமெடுப்பு மூலம் மீண்டும் திசையனாக்குவது இன்னும் இடர்மிக்கது. இதற்குப் பரவலாகப் பயன்படும் போட்ரேஸ் நிரல், தூசைக் களையும் பொருட்டு மிகச்சிறு திட்டுகளை நீக்கிவிடும். அந்நீக்கம் இயல்பமைப்பிலேயே செயலில் உள்ளது, வேண்டுமாயின் அளவைக் கூட்டவும் இயலும். குறைந்த தெளிவில் வருடிய பக்கத்தில் புள்ளியும் தூசும் ஒன்றே. தடமெடுத்த கோப்பு தூய்மையாக, பளிச்செனக் காட்சியளிப்பதாலேயே அதில் புள்ளி இல்லாமை கல்லில் புள்ளி இல்லாமையாகக் கொள்ளப்படும். தடமெடுப்பு தருவதும் புறவரையே என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

அளவு

பானையோட்டு வரைவில் அளவே பாதிச் செய்தி. எஸ்விஜி கோப்பில் அகல உயரங்களை அலகு குறிக்காமல் வெறும் எண்ணாக எழுதினால், ஓர் அங்குலத்திற்கு எத்தனை அலகு என்பதை மென்பொருளே முடிவு செய்கிறது. இல்லஸ்ட்ரேட்டர் 72 எனக் கொள்கிறது. இணைய உலாவிகள் 96 எனக் கொள்கின்றன. இங்க்ஸ்கேப் 2017 இல் வந்த 0.92 பதிப்புக்கு முன்வரை 90 எனக் கொண்டிருந்து, பின் 96 ஆக மாற்றிக்கொண்டது. எனவே 72 என்னும் கணக்கில் எழுதப்பட்ட 10 செ.மீ. ஓட்டின் வரைவு, 96 எனப் படிக்கும் மென்பொருளில் 7.5 செ.மீ. ஆகச் சுருங்கும். 90 என எழுதப்பட்டதாயின் 9.4 செ.மீ. அளவில் நிற்கும். முன்னதைக் கண் கண்டுபிடித்துவிடும். பின்னதைக் கண்டுபிடிப்பது அரிது. படத்தினுள்ளே வரையப்பட்ட அளவுகோலும் உடன் சுருங்குவதால் அது காக்கும். ‘அளவு 1:1’ என்று எழுத்தால் குறித்திருந்தால் அது பொய்ச்சான்றாகிவிடும். அகல உயரங்களை மில்லிமீட்டரில் எழுதிக் காட்சிப்பரப்பையும் உடன் வரையறுத்தால் இச்சிக்கல் முற்றும் தீரும்.

எழுத்தின் இருநிலை

தமிழ் எழுத்துகள் படத்தினுள் வரும்போதுதான் கோப்பு மாற்றம் தமிழாய்வாளர்க்கே உரிய தனிச்சிக்கலாகிறது. பழைய கோட்டுருவங்களில் ஊர்ப்பெயர், கல்வெட்டின் வாசகம், அடிக்குறிப்பு ஆகியவை ஒருங்குறிக்கு முற்பட்ட எழுத்துருக்களில் அமைந்துள்ளன. ஒருங்குறியில் தமிழ் 1991 முதல் இடம்பெற்றிருந்தும், தமிழ்நாட்டரசு 1999 இல் டேம், டேப் என்னும் எட்டுத்துணுக்கு முறைகளையே தரமாக ஏற்றது. ஒருங்குறியையும் அனைத்தெழுத்து முறையான டேஸ்16-ஐயும் 2010 இல் ஏற்றது. அச்சகங்களோ பாமினி முதலிய எழுத்துருக்களை அதற்குப் பின்னும் விடவில்லை.

இவ்வெழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்கள் அமர்ந்துள்ளன. பாமினியில் ‘தமிழ்’ என்னும் சொல், கோப்பின் உள்ளே ஆங்கிலத்தின் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் ஆகும். அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் அவ்வைந்துமே தோன்றும். இதற்கு அச்சகத்தார் கண்ட மருந்து, எழுத்தையெல்லாம் வளைகோடாக்குவது. ‘கர்வ்’ செய்வது என்பது அவர்தம் வழக்கு. அதன்பின் எழுத்துரு வேண்டியதில்லை. எங்குத் திறந்தாலும் வடிவம் மாறாது. ஆயின் கோப்பில் எழுத்து என்பதே இல்லாமற் போகிறது. ‘மாங்குளம்’ என்று தேடுவார்க்கு மாங்குளக் கல்வெட்டின் கோட்டுருவம் அகப்படாது.

எழுத்தைக் குறியீடாகவே வைத்து ஒருங்குறிக்கு மாற்றிவிட்டால் போதும் என்பது மறுமுனை வாதம். இதிலும் குறை உண்டு. பழைய எழுத்துருக்களில் எழுத்துகள் கண்ணுக்குத் தோன்றும் வரிசையில் நிற்கின்றன; ‘கோ’ என்பதில் இரட்டைக்கொம்பு முதலில், ககரம் அடுத்து, கால் இறுதியில். ஒருங்குறியிலோ ககரமே முதலில் வரும். படக்கோப்பில் சொற்கள் இடைவெளி கருதித் துண்டுதுண்டாக வெட்டப்பட்டிருப்பின், கொம்பு ஒரு துண்டிலும் மெய் மற்றொரு துண்டிலும் அகப்பட்டு, மாற்றிய பின் கொம்பு தனித்து நிற்கும். இது திருத்தத்தக்க பிழை. திருத்த இயலாதது ஒன்றுண்டு: ஒருங்குறி எழுத்தைக் குறிக்குமேயன்றி அதன் வடிவத்தைக் குறிப்பதில்லை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முற்பட்ட அச்சு நூலொன்றின் பக்கத்தை நகலாக வரைந்திருந்தால், அதில் உள்ள பழைய லை, ணை, னை, றா, னா ஆகியவற்றுக்கும் இன்றைய வடிவங்களுக்கும் குறியீடு ஒன்றே. குறியீடாக மாற்றியதும் பழைய வடிவம் நீங்கி, இன்றைய வடிவம் வந்து அமர்ந்துவிடும். படம் எதற்காக வரையப்பட்டதோ அதுவே அழிந்து, படிக்கத்தக்க ஒரு வரி எஞ்சும்.

தொல்லெழுத்துகளில் இது மேலும் கூர்மையாகிறது. பிராமி 2010 இல் ஒருங்குறியில் சேர்ந்தது. பழந்தமிழுக்குரிய ழகர, றகர, னகரங்கள் அப்போதே இடம்பெற்றன. பழந்தமிழ்ப் புள்ளியும் குறில் எகர ஒகரங்களும் 2021 இல்தான் வந்தன. காணி, மா, முந்திரி முதலிய பின்னக் குறிகளுக்கு 2019 இல் இடம் கிடைத்தது. வட்டெழுத்துக்குத் தனி இடம் இன்றும் இல்லை. ஆகவே ஒரு வட்டெழுத்துக் கல்வெட்டின் எழுத்து வடிவத்தைச் சுமப்பது கோட்டுருவம் ஒன்றே. ஒருங்குறியில் தரப்படுவது இன்றைய எழுத்தில் பெயர்த்த வாசகம் மட்டுமே. வடிவமும் வாசகமும் ஒன்றையொன்று நிரப்புவன. ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது.

எஸ்விஜி வகையில் இவ்விரண்டையும் ஒருங்கே வைக்க இயலும் என்பதே அதனைத் தெரிவு செய்வதற்கான முதன்மைக் காரணம். ஓர் எழுத்தின் கோடுகளைத் தொகுதியாக்கி, அத்தொகுதிக்குப் பெயரிட்டு, அதனுள்ளேயே விளக்கமாக ஒருங்குறி வாசகத்தை எழுதிவைக்கலாம். கண் காண்பது கல்லின் வடிவம். தேடுபொறி காண்பது வாசகம். ‘ஐயம்’ என்னும் குறிப்பையும் அவ்விடத்திலேயே பதியலாம். இதிலும் ஓர் எச்சரிக்கை தேவை. இணையதளத்தின் வேகம் கருதிக் கோப்பைச் சுருக்கும் கருவிகள் இவ்விளக்கங்களையும் பெயர்களையும் வேண்டாத சுமையென நீக்கிவிடுகின்றன. ஆய்வுப்படி வேறு, காட்சிப்படி வேறு என்னும் தெளிவு இல்லாதவிடத்து எஸ்விஜியும் காவாது.

எதிர்வாதங்கள்

நீண்டகாலப் பாதுகாப்புக்கென 2005 இல் பன்னாட்டுத் தரமாக்கப்பட்ட பிடிஎஃப்/ஏ போதுமே என்பார் உளர். ஆய்வேட்டின் பக்கங்களுக்கு அது போதும், வேண்டியதும் அதுவே. ஆனால் அத்தரத்தின் அடிப்படை நிலை உறுதி கூறுவது பக்கத்தின் தோற்றத்தை மட்டுமே. எழுத்துக்கு ஒருங்குறி இணைப்பைக் கோருவது உயர்நிலைகளே. கோட்டுருவத்தின் உள்ளமைப்பைப் பற்றியோ அது ஒன்றும் கேட்பதில்லை. உயர்தெளிவு ஒளிப்படமும் முப்பரிமாண வருடலும் வந்தபின் கோட்டுருவமே எதற்கு என்பது மற்றொரு வாதம். ஒளிப்படம் கல்லைக் காட்டுகிறது. கோட்டுருவம் அறிஞர் அக்கல்லில் எதைக் கண்டார் என்பதைக் காட்டுகிறது. ஒரு வாசிப்பு மறுக்கப்படும்போது மறுக்கப்படுவது கோட்டுருவமே. அதனை இழந்தபின் முன்னோர் வாசிப்புக்கு மறுப்பு எழுதுவது நிழலோடு போரிடுவதாக முடியும்.

பணிச்சுமை பற்றிய வாதமே வலியது. இருக்கும் கோப்புகள் அனைத்தையும் இவ்வாறு மாற்றுவதற்கு ஆளும் பொருளும் எத்துறையிலும் இல்லை. அனைத்தையும் மாற்ற வேண்டுவதும் இல்லை. நல்ல மைப்படியோடு முன்பே அச்சேறிய கல்வெட்டுகள் காத்திருக்கலாம். கல்லுடைப்பாலும் வண்ணப்பூச்சாலும் கல் சிதைந்துவிட்டவை, ஆய்வேட்டில் மட்டுமே இடம்பெற்று அச்சேறாதவை, பானையோடு எங்குள்ளது என அறிய இயலாதவை ஆகியவற்றின் கோப்புகளையே முதலில் எடுக்க வேண்டும்.

இனி வரையப்படுவனவற்றுக்குச் சுமை ஏதுமில்லை. பழக்கம் மட்டுமே மாற வேண்டும். சோத்கங்கா களஞ்சியத்தில் ஆய்வேடு பிடிஎஃப் கோப்பாகவே ஏறுகிறது. படங்களின் மூலக்கோப்பு ஆய்வாளரின் கணினியிலேயே தங்கி, அக்கணினியோடு மறைகிறது. கோட்டுருவம் கொண்ட ஆய்வேட்டை ஏற்கும் துறை, மூலக்கோப்பையும் புறவரையாக்காத எஸ்விஜி படியையும் தன்னிடம் ஒப்படைக்கக் கோருதல் வேண்டும். எந்த மென்பொருளின் எப்பதிப்பில் வரையப்பட்டது, எதன்வழி மாற்றப்பட்டது, மாற்றியவர் யார், மாற்றிய பின் மூலத்தோடு ஒப்பிடப்பட்டதா என்னும் நான்கு செய்திகள் கொண்ட குறிப்பொன்று உடன் இருத்தல் வேண்டும். சுவடிப் பதிப்பாசிரியர் எந்த ஏட்டிலிருந்து பெயர்த்தார் என்று சொல்லாத பதிப்பைத் தமிழுலகம் ஏற்பதில்லை. கோட்டுருவத்திற்கு மட்டும் அவ்விதி தளர்வதற்குக் காரணம் தெரியவில்லை. ஆய்விதழ்களும் படத்தை உயர்தெளிவில் அனுப்புக என்பதோடு நில்லாமல், திசையன் மூலத்தையும் கேட்டுப் பெற்று வைக்கலாம்.

பழைய சிடிஆர் கோப்புகளைப் பொறுத்தவரை காலம் குறைவு. மிகப் பழைய பதிப்புகளின் கோப்புகளைப் புதிய பதிப்புகள் அனைத்தும் திறப்பதில்லை. லிப்சிடிஆர் திறப்பவற்றிலும் தடிப்பும் எழுத்தும் மாறாது வரும் என்னும் உறுதியில்லை. ஆயினும் மென்பொருளைத் தேடிப்பிடித்தல் இயலும். அடுக்குகளுக்குப் பெயரிடாமல் ‘அடுக்கு 1’, ‘அடுக்கு 2’ என்றே விட்ட கோப்பில் எது எழுத்து, எது விரிசல் என்பதை வரைந்தவரே சொல்ல வேண்டும். தொடக்கக் காலத்தில் கணினியில் வரைந்தோர் பலர் ஓய்வு பெறும் அகவையை எட்டியுள்ளனர்; கோப்புகளை மாற்றும் பணி அவர்களை அழைத்து அருகில் அமர்த்திக்கொண்டு தொடங்கப்பட வேண்டும்.